நோன்மதி கலண்டரில் ஏறிய கதை

தெஹிவளைச் சந்திக்குக் கோழி வாங்கப் புறப்படுகிறவர் முதலில் சுவரிலுள்ள கலண்டரைப் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் போன ஒரு நாள், இறைச்சிக்கடைகள் எல்லாம் தகரக் கதவை இழுத்து மூடியிருந்தன. பக்கத்துக் கடை வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதியவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை மேலே காட்டினார். பகல் பதினொரு மணி. வானத்தில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் விளங்கிவிட்டது. அன்று போயா.

எங்கள் வீட்டுக் கலண்டர் வெள்ளவத்தைக் கடையொன்றில் மார்கழி மாதம் சாமானோடு சுருட்டிக் கொடுத்தது. மேலே வள்ளி தெய்வானையோடு முருகன், கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே நாட்கள். கொழும்புக் கலண்டர் மற்ற ஊர்க் கலண்டர் மாதிரி இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் நாலு சமயமும் மூன்று மொழியும் இடம் கேட்கும். ஏகாதசியும் கார்த்திகை விரதமும் ஒரு மூலையில், ஹிஜ்ரி திகதி இன்னொரு மூலையில், புனிதர் ஒருவரின் திருநாள் வேறொரு மூலையில். அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று விதக் குறிகள். இவ்வளவுக்கும் நடுவே மாதத்துக்கு ஒன்றாக ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். அதன் கீழே 'முழு நோன்மதி தினம்' என்று அச்சடித்திருக்கும்.

நோன்மதி. நோன்பும் மதியும் சேர்ந்த சொல். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, இது என்ன சங்க இலக்கியமா என்று கேட்டார். இல்லை, இலங்கை அரசாங்கத் தமிழ். முழு நிலவுக்கு எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை: பௌர்ணமி, பூரணை, யாழ்ப்பாணத்துக் கிழவிகள் சொல்லும் பறுவம். போயா என்ற சிங்களச் சொல்லின் மூலம் பாளியிலுள்ள உபோசதம், அதாவது நோன்பு நாள். அதைத் தமிழில் பூரணை என்று மட்டும் சொன்னால் நிலவு வரும், நோன்பு வராது. நோன்மதியில் இரண்டும் வந்துவிடுகிறது. அரச மொழிபெயர்ப்புகளை நான் அடிக்கடி பழிப்பவன். இந்த ஒன்றுக்கு மட்டும் தொப்பியைக் கழற்றுவேன். அழகான சொல் என்றாலும் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. பஸ்ஸில், சந்தையில், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அது போயாதான்.

நிலவு எப்போதும் இருந்தது, நோன்பும் இருந்தது. ஆனால் நிலவு முழுதானதும் வங்கி மூட வேண்டும், இறைச்சிக்கடை மூட வேண்டும், கிளாக்கர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒரு சட்டம். சட்டத்துக்குப் பிறந்த இடம் ஒன்று இருக்கும். அதைப் பார்க்க அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ போகத் தேவையில்லை. காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையைத் தாண்டிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினால் போதும்.

கொட்டாஞ்சேனை என்றதும் தமிழருக்கு நினைவு வருவது கோயில்கள். பக்கத்துக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசரும் அந்தோனியாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையின் நடுவே கத்தோலிக்கரின் சாந்த லூசியா பேராலயம். அதே ஊரில் தீபதுத்தமாராமய என்றொரு விகாரை. 1880களில் அங்கே இருந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு இரண்டு நாள் மேடை போட்டு வாதாடியவர். குரல் வளமும் நாக்கு வளமும் மிக்க பிக்கு. அந்த விவாதத்தின் அச்சுப் பிரதிதான் அமெரிக்காவிலிருந்த ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டை இந்தத் தீவின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. குணானந்தரின் விகாரைக்குக் காணிக்கையோடு ஒரு பெரஹெரா வந்துகொண்டிருந்தது. வழி கத்தோலிக்கக் கோயிலுக்குச் சமீபம். அன்று அவர்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய திருநாள். இவர்களுக்கும் திருவிழாக் காலம். மேளச் சத்தமும் கோயில் மணியும் மோதின. பிறகு மனிதர்கள் மோதினார்கள். கல், பொல்லு, இரத்தம். உயிர்ச்சேதமும் நடந்தது.

ஒரு கணக்கை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஈஸ்டர் எந்த நாளில் வரும்? இளவேனில் சமநாளுக்குப் பிறகு வரும் முதல் முழு நிலவை அடுத்த ஞாயிறு. ஆக ஈஸ்டரும் நிலவைப் பார்த்துக் குறிக்கும் திருநாள்தான். புனித வாரமும் போயாவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருவது தற்செயல் அல்ல. இரு தரப்பும் ஒரே சந்திரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2019இலும் அப்படித்தான். ஏப்ரல் 19 பெரிய வெள்ளியும் பக் போயாவும் ஒரே நாள். ஒரு நாள் விட்டு வந்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அன்று மதியம் கழிந்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அருகேயும் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டவர்கள் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு கதை. வேறு ஆட்கள், வேறு காரணம்.

1883க்குத் திரும்புவோம். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பௌத்தர்கள் கொதித்தார்கள். கொழும்பில் ஒரு பாதுகாப்புக் குழு கூடி ஒல்கொட்டைக் கூப்பிட்டது. இந்தக் கேணல் ஒல்கொட் யார்? 1832 ஓகஸ்ட் 2ஆம் திகதி நியூ ஜேர்சியில் பிறந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் இராணுவத்தின் ஊழல்களை விசாரித்தவர், பிறகு வழக்கறிஞர், பிறகு பிளவாட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்மஞான சங்கம் தொடங்கியவர். 1880 மே மாதம் காலித் துறைமுகத்தில் இறங்கி, சில நாட்களில் பன்சில் எடுத்து, அதாவது பஞ்சசீலம் ஏற்று, பௌத்தரானார். கோட்டை புகையிரத நிலையத்து வாசலில் தாடியோடு நிற்கும் சிலை அவருடையதுதான். யாழ்தேவியில் வந்து இறங்கிய எத்தனை ஆயிரம் தமிழர் அந்தச் சிலையடியில் பெட்டியை வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசியிருப்பார்கள்! பெயரைக் கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடியது சென்னை அடையாற்றில், 1907 பெப்ரவரி 17இல். அந்த நாளும் இங்கே பௌத்தப் பாடசாலைகளில் ஒல்கொட் தினம்.

1884இல் ஒல்கொட் லண்டனுக்குப் போனார். குடியேற்ற நாடுகளுக்கான செயலாளர் டேர்பி பிரபுவிடம் கொழும்புக் குழுவின் கோரிக்கைகளைக் கொண்டுபோனார். பட்டியலில் கலவரத்துக்கு நீதி இருந்தது, பௌத்தத் திருமணப் பதிவாளர்கள் வேண்டும் என்பது இருந்தது, வெசாக் நாளை விடுமுறையாக்க வேண்டும் என்பதும் இருந்தது. கலவரத்துக்கான நீதி கிடைக்கவில்லை. விடுமுறை கிடைத்தது. அரசாங்கங்களுக்கு நீதி கொடுப்பதை விட லீவு கொடுப்பது சுலபம் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தேசாதிபதி ஆதர் கோர்டன் 1885 மார்ச்சில் அறிவித்தார். அந்த ஆண்டு வெசாக் ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை. கொழும்புக் குழுவுக்கு அந்த ஒரு மாதத்தில் இன்னொரு யோசனை பிறந்தது. விடுமுறை கிடைத்துவிட்டது, வீட்டு வாசலில் எதைக் கட்டுவது? கொடி வேண்டும். ஹிக்கடுவே சுமங்கல தேரர், குணானந்த தேரர், பிற்காலத்தில் அநகாரிக தர்மபால என்று பெயரெடுத்தவரின் தகப்பன் டொன் கரோலிஸ் ஹேவாவிதாரண, செயலாளர் கரோலிஸ் புஜித குணவர்தன போன்றவர்கள் இருந்த குழு அது. புத்தரின் திருமேனியிலிருந்து வீசியதாகச் சொல்லப்படும் ஒளியின் நிறங்களை எடுத்தார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று ஐந்து பட்டிகள். ஆறாவதாக ஐந்தும் கலந்த ஒரு பட்டி. வரைந்தது நீளமான தோரணம்போல இருந்தது. ஒல்கொட் பார்த்தார், இவ்வளவு நீளத்தை ஊர்வலத்தில் எப்படித் தூக்குவது, சாதாரணக் கொடியளவுக்குக் குறையுங்கள் என்றார். குறைத்தார்கள்.

அந்தக் கொடி முதல் முதலாக ஏறியது 1885 வெசாக் அன்று, அதே கொட்டாஞ்சேனை விகாரையில், குணானந்தரின் கையால். கலவரம் நடந்து இரண்டு வருடமும் சொச்சமும். 1952இல் உலக பௌத்தர் மாநாடு அதை எல்லா நாட்டுப் பௌத்தருக்கும் பொதுக் கொடியாக ஏற்றது. இன்று ஜப்பானிலோ வியட்நாமிலோ அந்தக் கொடி பறந்தால், அதன் நூல் முனை கொட்டாஞ்சேனையில் ஒரு தெருச் சண்டையில் கட்டியிருக்கிறது.

வெசாக் கலண்டரில் ஏறிவிட்டது. மாதாமாதம் வரும் போயா எல்லாம் ஏறுவதற்கு இன்னும் எண்பது வருடம் ஆனது. ஏறியபோது அது ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட்டு ஏறியது. என்னைக் கேட்டால் இந்தத் தீவின் கலண்டர் வரலாற்றில் இதைவிட வேடிக்கையான அத்தியாயம் கிடையாது.

1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஒரு விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஞாயிறு வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற ஓய்வுநாள்; பௌத்த நாட்டுக்குப் போயாவே ஓய்வுநாள் என்பது வாதம். 1966 ஜனவரி 1 முதல் ஞாயிறு வேலை நாளானது. அதற்குப் பதிலாகப் போயாவும் அதற்கு முந்திய நாளும் கிழமை முடிவு ஆயின. முழு நிலவு மட்டும் அல்ல. அமாவாசை, இரண்டு அரை நிலவுகள், பௌர்ணமி, இந்த நான்கும் போயா.

அந்த அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியும் பங்காளி. அதன் தலைவர் செல்வநாயகம் ஞாயிறு தோறும் தேவாலயம் போகும் கிறிஸ்தவர். கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். தமிழ் மாவட்டங்களுக்கு மாவட்ட சபை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் உள்ளே இருந்தார்கள். மாவட்ட சபை வரவில்லை. போயாக் கிழமை வந்தது.

என் பெரியப்பா அப்போது கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். வெள்ளவத்தையில் ஒரு சம்மரியில் ஏழெட்டு யாழ்ப்பாணத்து இளந்தாரிகளோடு இருந்தார். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவரைக் கேட்டால் போதும், சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போறது பெரிய காரியமில்லை. எது ஞாயிறு எண்டு தெரியாமப் போனதுதான் காரியம். இந்தக் கிழமை லீவு செவ்வாய் புதன் எண்டால், வாற கிழமை புதன் வியாழன். அதுக்குள்ள ஒருக்கா எட்டு நாளாப் போயிடும். சம்மரியில கலண்டருக்கு முன்னால நிண்டு தலையைச் சொறியாதவன் இல்லை."

அவர் சொன்னது வெறும் முறைப்பாடு இல்லை, கணிதம். நிலவு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 29.53 நாள். நாலாகப் பிரித்தால் ஒரு போயாவுக்கும் அடுத்ததுக்கும் இடையே 7.38 நாள். கிழமையில் துண்டு நாள் என்று எதையும் ஒதுக்க முடியாது. ஆகவே சில கிழமை ஏழு நாள், சில கிழமை எட்டு நாள். வருடத்துக்கு 52 ஞாயிறு வரும். போயாவோ 49 அல்லது 50தான். கிளாக்கர் மொழியில் சொன்னால் வருடத்துக்கு இரண்டு மூன்று கிழமை முடிவுகள் வெட்டு. பௌத்தத்துக்காக வந்த சட்டம் பௌத்தக் கிளாக்கரையும் சேர்த்துத்தான் வெட்டியது.

கஷ்டங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசையும் அலுவலகமும் ஒரே காலையில் வந்து நின்றன. துறைமுகத்துக்கும் வங்கிக்கும் தேயிலை வியாபாரிக்கும் வேறு தலைவலி. லண்டன் திறந்திருக்கும்போது கொழும்பு மூடியிருக்கும். கொழும்பு திறக்கும்போது லண்டன் ஞாயிறு. கலியாண வீட்டாருக்கு இன்னொரு தலைவலி. முகூர்த்தம் ஒரு பக்கம், லீவு ஒரு பக்கம். பெரியப்பாவின் தங்கையின் கலியாணம் அட்டமிப் போயாவை அண்டி வந்துவிட்டதாம். லீவு நாள் சரி, ஆனால் அட்டமியில் தாலி கட்ட எந்தச் சாத்திரியார் ஒப்புவார்? சைவக்காரர் எந்த நல்ல காரியமும் தொடங்காத நாளைப் பார்த்துத்தான் அரசாங்கம் லீவு விட்டிருந்தது. ஒரு நாள் லீவு போட்டு, வேலை நாளிலேயே கலியாணம் நடந்தது. கொழும்பிலிருந்து நாலுபேர்தான் போனார்களாம்.

கிழமையோடு விளையாடியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பத்து நாள் கிழமை செய்தார்கள். ஒன்பது நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. நெப்போலியன் காலத்தில் அது போயிற்று. சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் கிழமை, பிறகு ஆறு நாள் கிழமை என்று போய், 1940இல் ஏழுக்கே திரும்பி வந்தது. அவர்கள் இருவரும் கடவுளைக் கலண்டரிலிருந்து இறக்குவதற்காகக் கிழமையை உடைத்தார்கள். நாங்கள் ஏற்றுவதற்காக உடைத்தோம். மூவரும் தோற்றது ஒரே இடத்தில்: சுற்றியிருந்த உலகம் ஏழு நாள் உலகம்.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் புதிய சட்டம் இயற்றி ஞாயிற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. போயாவை ஒரேயடியாகத் தள்ளிவிட எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வராது. அதனால் ஒரு சமரசம். அரை நிலவும் அமாவாசையும் வேலை நாளாகட்டும். முழு நிலவு மட்டும் விடுமுறையாக இருக்கட்டும். இன்று எங்கள் சுவரில் தொங்கும் கலண்டரின் வெள்ளை வட்டம் அந்தச் சமரசத்தின் பிள்ளை. உலகத்தில் ஒவ்வொரு முழு நிலவுக்கும் நாடே லீவு எடுப்பது இங்கேதான் என்று பெருமையாகச் சொல்வோம். தோல்வியில் மிச்சம் பிடித்தது அது என்பதைச் சொல்ல மாட்டோம்.

இப்போதும் நிலவு தன் குறும்பை விடவில்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு போயா என்று கணக்கு வைத்தால், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பதின்மூன்றாவது ஒன்று எட்டிப் பார்க்கும். 2023இல் பதின்மூன்று. மேலதிகமாக வருவதற்கு 'அதி' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிவிடுவார்கள். கிரிக்கெட்டையும் அது விட்டுவைக்கவில்லை. 2001 டிசெம்பரில் சிம்பாப்வே கொழும்பில் ஆடிய டெஸ்ட் ஆறு நாள் போட்டி. நடுவே ஒரு நாள் போயா, ஆட்டமில்லை.

தமிழ் வீட்டுக்குள் இந்த நாட்கள் எப்படி வந்து உட்கார்ந்தன என்பதுதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. ஒவ்வொரு போயாவுக்கும் சிங்களப் பெயர் ஒன்று உண்டு. ஒவ்வொன்றோடும் ஒரு சம்பவம் கட்டியிருக்கும். துருது புத்தர் மஹியங்கனைக்கு வந்தது, பொசொன் மஹிந்தர் மிஹிந்தலையில் இறங்கியது, உந்துவப் சங்கமித்தை வெள்ளரசுக் கிளை கொண்டுவந்தது. அதே நிலவுகளைப் பின்பக்கம் திருப்பினால் எங்கள் பெயர்கள் எழுதியிருக்கும். தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்தரம், திருக்கார்த்திகை எல்லாம் முழு நிலவை அண்டியவை. கதிர்காமத்துத் தீர்த்தம் எசல நிலவோடு. ஆடிவேல் ரதம் காலி வீதியால் வருவதும் அந்த நிலவை ஒட்டித்தான். லீவு அவர்களுடையது என்றாலும் கோயிலுக்குப் போக எங்களுக்கும் வாய்த்துவிடுகிறது. நெடிமாலையிலுள்ள விஷ்ணு கோயிலில் போயா நாளில் சிங்களக் குடும்பங்கள் வரிசையில் நிற்பதையும் பார்க்கலாம். நெடிமாலை என்ற ஊரில் நெடுமாலுக்குக் கோயில் வந்தது யார் செய்த சிலேடையோ!

பக் போயாவோடு நினைக்கப்படுவது புத்தரின் நாகதீபப் பயணம். மணி பதித்த ஆசனத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்த அவர் வந்ததாக மகாவம்சம் சொல்கிறது. அதே கதை எங்கள் மணிமேகலையிலும் இருக்கிறது. மணிபல்லவத் தீவு, புத்த பீடிகை, அதற்காக அடிபட்ட இரு நாக வேந்தர். அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவது எந்த நாளில்? வைகாசி விசாகத்தில், புத்தர் பிறந்த முழு நிலவு நாளில். ஒல்கொட் லண்டனுக்குக் கப்பலேறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வெசாக்கைத் தமிழில் ஒருவர் காவியத்துக்குள் குறித்து வைத்துவிட்டார். மணிபல்லவம் என்பது நயினாதீவு என்று பலர் கொள்வார்கள். அங்கே நாகபூஷணி அம்மனும் நாகவிகாரையும் ஒரே கரையில் இருக்கிறார்கள்.

வெசாக் உலகக் கலண்டரில் ஏறியதிலும் ஒரு தமிழரின் கை இருக்கிறது. 1999 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வெசாக் நாளை அங்கீகரித்தது. அதற்காக நாடு நாடாக ஆதரவு தேடியவர் அன்றைய வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். மானிப்பாய்க் குடும்பம், கிறிஸ்தவர், பெயரோ கதிர்காம முருகனுடையது. அவரது அரசியலைப் பற்றித் தமிழர் மத்தியில் இரண்டு விதக் கருத்து இருந்தது, இன்னும் இருக்கிறது. 2005 ஓகஸ்ட் 12இல் கொழும்பில் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். வெசாக் காலத்தில் தெருவெல்லாம் கூடு தொங்கும்போது அவர் பெயரை யாராவது சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் இல்லை.

நிலவு ஒன்றுதான், ஆனால் பஞ்சாங்கங்கள் இரண்டு. அதனால் வெசாக்கும் வைகாசி விசாகமும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. சில ஆண்டுகளில் வெசாக் நாள் எங்களுக்குச் சித்திரா பௌர்ணமி. 2023 மே 5 அப்படி. 2025 மே 12 அப்படி. யாழ்ப்பாணத்துச் சைவருக்குச் சித்திரைப் பறுவம் தாயை இழந்தவர்களின் விரதம். தகப்பனுக்கு ஆடி அமாவாசை. கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். மனிதர் செய்த நல்லதையும் கெட்டதையும் நாள் தவறாமல் பதியும் கணக்குப்பிள்ளை அவர். கதை முடிந்ததும் கஞ்சி. அம்மா போனபின் எனக்கும் அந்த விரதம்.

அந்த 2025 வெசாக் அன்று மாலை, கோயிலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒழுங்கை முழுக்க வெசாக் கூடுகள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மூங்கில் சிலும்பு விரலில் ஏறியதைச் சப்பிக்கொண்டே தன் கூட்டுக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தான். முனையில் தன்சல். பெரிய அலுமினியப் பானையில் மரவள்ளிக்கிழங்கு ஆவி பறக்க வெந்துகொண்டிருந்தது. தெருவில் போகிற வருகிற எல்லோரையும், பஸ் சாரதியைக்கூட, இளைஞர்கள் மறித்து மறித்துக் கூப்பிட்டார்கள். என்னையும் ஒருவன் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினான். வாழையிலைத் துண்டில் கிழங்கு, மேலே சிவக்கச் சிவக்கக் கட்டச் சம்பல்.

கட்டச் சம்பல் என்றால் மாசிக் கருவாடு இடித்துப் போடாமல் இருக்க மாட்டார்கள். எனக்கோ விரதம். கொடுத்ததைத் தட்டவும் முடியாது, வாயில் வைக்கவும் முடியாது. மெல்ல அவன் காதருகே போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இதுகூடத் தெரியாதா இந்த மனிதருக்கு என்ற பார்வை.

"அங்கிள், இன்றைக்குப் போயா அல்லவா" என்றான்.